கன்னத்தில் வைத்த கை

1

கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு என் கையில் மண்வெட்டியும் வாளியும் துடைப்பமும் இருந்தனவே தவிர, பேனா இருந்ததில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு.

உங்கள் பத்திரிகை இங்கே பாரிஸில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தமிழ் மளிகைக் கடைக்கு இரண்டு மாதம் பிந்தி வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்து ஏழெட்டு மாதம் ஆகிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். ஆனால் இன்றோடு என் மனைவி பச்சையம்மா இறந்து ஒரு வருஷம். இன்றைக்கு எழுதாவிட்டால் இனிமேல் எழுத மாட்டேன் என்று தோன்றியது.

நான் இங்கே ஒரு பெரிய மியூசியத்தில் தரை துடைக்கிறேன். மியூசியத்தில் வேலை என்று ஊருக்கு எழுதினால் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். துப்புரவுக் கம்பெனி ஒன்றுக்கு நான் ஆள். அவர்கள் என்னை அங்கே அனுப்புகிறார்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போய் ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். படம் பார்க்க வருகிற ஜனங்களின் கண்ணில் நாங்கள் படக் கூடாது. கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை.

அங்கே எட்டாவது அறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. மங்கிய நீலக் கோட்டு போட்ட ஒருவர் மேஜை ஓரமாக உட்கார்ந்து, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருக்கிறார். மேஜையில் ஒரு காலிக் கோப்பை. எதிரே யாரும் இல்லை. அவ்வளவுதான் படம். நான் எழுத நினைப்பது அவரைப் பற்றித்தான். பாரிஸுக்கு வருவதற்கு முன்பே, எங்கள் ஊர்ப் பக்கம் செங்கம் ரோட்டில் வைத்தே, எனக்கு அவரைத் தெரியும்.

2

எழுபத்திரண்டாம் வருஷம். எங்கள் நிலத்துக் கிணறு வற்றிவிட்டது. போட்ட மல்லாட்டை காய் பிடிக்காமல் கொடியோடு காய்ந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் வாடகை அறைகளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றவும் பெருக்கவும் ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன்.

கடைசி அறையில் மிஷேல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். முப்பது வயசு இருக்கும். படம் வரைகிறவர். வந்த முதல் மாதம் முழுக்க மலையையே வரைந்தார். விடியற்காலையில் ஒரு நிறம், பத்து மணிக்கு ஒரு நிறம், மேகம் மூடினால் வேறு ஒரு நிறம் என்று மலை அவரிடம் பிடி கொடுக்கவே இல்லை. ஒரு நாள் எல்லா மலைகளையும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோன என்னைப் பார்த்து, உட்கார் என்று முக்காலியைக் காட்டினார்.

அவருடைய கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தபால் கார்டு குத்தியிருந்தது. அதில்தான் அந்த நீலக் கோட்டுக்காரரை முதன்முதலில் பார்த்தேன். மிஷேல் கார்டைக் காட்டினார். பிறகு என் இடது கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தார்.

நான் உடனே எடுத்துவிட்டேன். அவர் மறுபடியும் வைத்தார். மறுபடியும் எடுத்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் யாராவது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும் கையைத் தட்டி விட்டுவிட்டுத்தான் போவார்கள். வீட்டுக்கு ஆகாது. இழவு வீட்டுக்காரன் உட்காரும் விதம் அது. என் அம்மா அடுப்பில் கை வேலையாக இருந்தால் கரண்டியாலேயே தட்டுவாள். மிஷேலுக்கு இதையெல்லாம் சொல்ல என்னிடம் பாஷை இல்லை. மூன்றாவது தடவை அவர் வைத்தபோது விட்டுவிட்டேன்.

ஒரு நாள் என்று சொன்னது ஒன்பது நாள் ஆயிற்று. தண்ணீர் இறைக்கிற நேரம் போக மீதி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருந்த சாயபு தினமும் கிண்டல் செய்வார். "இன்னா ஏழுமல, மத்தவனுங்க ஓடி ஆடி சம்பாரிக்கிறான், நீ குந்திக்கினே சம்பாரிக்கிறே. எனுக்கும் ஒரு முக்காலி கேட்டுச் சொல்லுப்பா, டீ ஆத்தற வேல ஜாஸ்தியா கீது," என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று அங்கே தெரிந்துகொண்டேன். இரண்டாம் நாளே முழங்கை மரத்தது. அதைவிட மனசுக்குள் ஏதோ நடந்தது. கன்னத்தில் கையை வைத்தால் முகம் தானாகத் தொங்கிப்போகிறது. முகம் தொங்கினால் நினைப்பும் அப்படியே போகிறது. வற்றிய கிணறு, அப்பா செத்தது, பள்ளிக்கூடத்தை விட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் கவலைப்பட்டு உட்கார்ந்தேனா, உட்கார்ந்ததால் கவலைப்பட்டேனா என்று தெரியவில்லை. மிஷேலுக்கு அது பிடித்திருந்தது. அசையாதே என்று கையைக் காட்டிவிட்டு வேகமாக வரைவார்.

ஏழாம் நாள், பாரிஸுக்குப் பக்கத்தில் தன் அப்பாவுக்குப் பெரிய தோட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று கேட்டார். அறைகளின் சொந்தக்காரர் அதைத் தமிழில் சொன்னார். படம் முடிந்ததும் மிஷேல் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவார் என்றும் சொன்னார்.

எட்டாம் நாள் பச்சையம்மா வந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம், எங்களுக்குத் தலைப்பிள்ளை. டவுன் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, என்னோடு சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்று செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாள். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வெள்ளைக்காரர் நிற்பதையும் பார்க்காமல் நேராக வந்து என் கையைத் தட்டி விட்டாள்.

"இன்னாங்க இது. வயித்துப் புள்ளக்காரிய வூட்ல வெச்சிக்கினு, யாரு செத்தாங்கனு இப்படி குந்திக்கினு கீறீங்க?"

மிஷேல் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதாமல் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. "நீ வெளியில குந்து. வேல முடியட்டும்," என்றேன். சொல்லிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்து மறுபடியும் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

அவள் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அன்று ஊருக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நான் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பச்சையம்மா பாயில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அப்படி உட்கார்ந்ததால்தான் என்று அவள் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த பதிமூன்று வருஷமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

3

மிஷேல் வாக்குத் தவறாதவர். எழுபத்து மூன்றில் நான் இங்கே வந்தேன். அவருடைய அப்பாவின் தோட்டத்தில் வேலை. இரண்டு வருஷம் கழித்துப் பச்சையம்மாவுக்குக் காகிதம் கிடைத்து வந்து சேர்ந்தாள். அதற்குள் மிஷேல் வேறு ஊருக்குப் போய்விட்டார். என்னை வரைந்த படம் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை அவர் அப்பாவிடம் கேட்டேன். எந்தப் படம் என்று கேட்டார். யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் நான் இன்னமும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கலாம். எங்காவது பரணில் கிடக்கலாம்.

இங்கே மகள் பிறந்தாள். அம்மன் பெயரை வைக்க வேண்டும் என்று பச்சையம்மா பிடிவாதமாக இருந்தாள். உண்ணாமலை என்று வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அது உனா ஆகிவிட்டது. வீட்டில் நாங்கள் உண்ணாமலை என்று கூப்பிட்டால், தன் பெயர் இல்லை என்பது போலக் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். முதலில் அது விளையாட்டாக இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

எனக்கு அந்தப் பாஷை சரியாக வரவே இல்லை. நேற்று என்பதற்கும் நாளை என்பதற்கும் உள்ள வார்த்தைகள் எனக்கு இன்றைக்கும் மாறிப்போகும். நன்றாக வந்த வார்த்தை ஒன்றே ஒன்று: சவா. நலமா என்று கேட்பதற்கும் சவா, நலம் என்று சொல்வதற்கும் சவா. வேலைக்குப் போகும்போது மேஸ்திரி சவா என்பார், நானும் சவா என்பேன். அதோடு முடிந்தது. ஊரில் ஒருவரைப் பார்த்தால் சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், ஏன் இளைத்துப்போனாய் என்று பிடித்துக்கொள்வார்கள். பதில் சொல்லாமல் நகர முடியாது. அப்போது அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. இங்கே பன்னிரண்டு வருஷம் யாருக்கும் எதையும் சொல்லாமலே இருந்துவிட முடிந்தது.

மிஷேலின் அப்பா இறந்த பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அப்புறம்தான் துப்புரவுக் கம்பெனி, மியூசியம் எல்லாம்.

எண்பத்து மூன்றில் ஒரு நாள் காலையில் முதல்முறையாக என்னை எட்டாவது அறைக்கு அனுப்பினார்கள். வாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். எதிர்ச் சுவரில் அவர் உட்கார்ந்திருந்தார். தபால் கார்டில் சின்னதாகப் பார்த்த முகம், இப்போது என் முகத்தின் அளவு இருந்தது. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். உட்காருவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

கிட்டே போனால் முகம் தெரியவில்லை. சாணம் மெழுகின தரையில் விரல் தடம் இருக்குமே, அது மாதிரி வண்ணம் தடித்துத் தடித்துக் கிடந்தது. நாலு எட்டு பின்னால் வந்தால் மறுபடியும் முகம் ஆனது. கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. அந்த அறைக் காவலர் ஜோசே என்பவர் போர்ச்சுகல்காரர். அவருக்கும் பிரெஞ்சு அரைகுறை என்பதால் என்னோடு நிதானமாகப் பேசுவார். நூறு வருஷம் ஆகப்போகிற படம், உட்கார்ந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வரைந்தவரின் பெயர்தான் நின்றது என்று அவர் சொன்னார். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். முக்காலியில் உட்காருகிறவன் பெயரை யார் எழுதி வைக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பச்சையம்மாவிடம் சொல்லவில்லை. அந்த அறையைத் துடைக்கும்போது மட்டும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைப்பேன். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

4

எண்பத்தைந்தில் உண்ணாமலையின் வகுப்புப் பிள்ளைகளை டீச்சர் அதே மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் உற்சாகமாக இருந்தாள். எட்டாவது அறையில் ஒரு ஆள் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி, முழங்கையை மேஜையில் ஊன்றிக் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

பச்சையம்மா எட்டித் தட்டினாள். பலமாகவே தட்டிவிட்டாள். பிள்ளையின் கை தட்டில் பட்டு ரசம் கவிழ்ந்தது.

உண்ணாமலை அழுதுகொண்டே, நான் என்ன செய்தேன் என்று பிரெஞ்சில் கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா உன்னை அடிக்கவில்லை, அது அடி இல்லை, எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய பாஷையில் அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

"எந்த ஆளு? எட்டாவது ரூம்ல யாரு அது?" என்று பச்சையம்மா கேட்டாள்.

சொன்னேன். கார்டு, முக்காலி, மிஷேல் என் கையைத் தூக்கி வைத்தது, இரண்டு வருஷமாக முதுகைக் காட்டித் துடைப்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கவிழ்ந்த ரசத்தைத் துடைத்தாள். மேஜை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம என்னக் கூட்டிக்கினு போங்க," என்றாள்.

துடைத்துத் துடைத்து மியூசியத்தின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். ஆனால் பெரிய வாசல் வழியாக, பகல் நேரத்தில், ஜனங்களோடு அன்றுதான் உள்ளே போனேன். பச்சையம்மா கலியாணத்துக்குப் பிறகு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டி, மேலே குளிர் கோட்டு போட்டு, காலில் உறை மாட்டியிருந்தாள். கோயிலுக்குப் போவது போல வந்தாள். வழியில் இருந்த எந்தப் படத்தையும் அவள் பார்க்கவில்லை.

எட்டாவது அறைக்கு வந்ததும், "இதுவா?" என்று கேட்டாள். இதுதான் என்றேன்.

ரொம்ப நேரம் நின்றாள். பதிமூன்று வருஷம் சொல்லாததை இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் படத்துக்குக் கிட்டே போனாள். இன்னும் கிட்டே போனாள். வலது கை மெல்ல மேலே போயிற்று. ஜோசே மூலையிலிருந்து எழுந்து, "மதாம்," என்று மெதுவாகச் சொன்னார். அவள் கையை இறக்கிக்கொண்டாள். அவள் தொட்டுப் பார்க்கப் போனதாக ஜோசே நினைத்திருப்பார். அந்தக் கை எதற்கு மேலே போனது என்று எனக்குத் தெரியும்.

"எத்தினி நாளா இப்படி குந்திக்கினு கீறாரு?"

"நூறு வருசம் ஆவப்போவுதாம்."

"நூறு வருசமா ஒருத்தர் கூடவா கையத் தட்டி வுடல?"

அறையின் நடுவில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜனங்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நடுவே படத்தைப் பார்த்தபடியே அவள் பேசினாள்.

"புள்ள செத்தது உங்களால இல்லீங்க. கொடி சுத்திக்கினு இருந்துச்சினு டாக்டரம்மா அன்னிக்கே எங்கிட்ட சொன்னாங்க."

"பின்ன ஏன் இத்தினி வருசம் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கல." கோட்டுப் பித்தானைத் திருகினாள். "நான் கையத் தட்டி வுட்டேன். நான் பாக்கசொல்லவே நீங்க திரும்ப எடுத்து வெச்சிக்கினீங்க. எனுக்கு ஆறாதது அதாங்க. புள்ள இல்ல."

அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷமாக என் குற்றம் என்ன என்று நான் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெரிய பாவம் ஒன்றைச் சுமக்கிறோம் என்று இருந்தேன். நான் செய்தது அதைவிடச் சின்னது. சின்னது என்பதால் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது அவள் இன்னொரு தடவை படத்தைத் திரும்பிப் பார்த்து, "பாவம், பக்கத்துல ஆளே இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படத்தைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகம் எழுதியிருப்பதாக ஜோசே சொல்லியிருக்கிறார். அதில் இருப்பது காரணம் இல்லாத சோகம், அதற்கு மெலங்கோலி என்று பெயர் என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. காரணம் இல்லாமல் ஒருவர் அப்படி உட்காருவாரா என்பதும் தெரியாது. பச்சையம்மா சொன்னது எனக்குப் போதும்.

5

அடுத்த வருஷமே அவள் படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. கண்டுபிடிக்கும்போதே காலம் கடந்துவிட்டது என்றார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் காலையில் வேலை முடித்து நேராக அங்கே போய்விடுவேன்.

கடைசி வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை. எப்போது வைத்தேன் என்று தெரியாது, கை கன்னத்துக்குப் போயிருக்கிறது. திடீரென்று என் முழங்கையில் ஏதோ பட்டது. திரும்பினால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, விரல் நுனியால் என் கையைத் தட்டினாள். பலமே இல்லை. இலை விழுந்த மாதிரி இருந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். அன்று மாலை வரை திரும்ப வைக்கவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மரணத்தைப் பதிவு செய்ய நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். என்றைக்கு இறந்தார் என்று அங்கிருந்த அம்மாள் கேட்டாள். நான் நாளை என்று சொல்லிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் விரலால் காட்டினேன்.

பிறகு குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேறு அலுவலகம். விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று உள்ளே போனால் ஒரு படிவம் கொடுத்தார்கள். மணமானவர், மனைவியை இழந்தவர், தனியாக வாழ்பவர் என்று கட்டங்கள். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் குறித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் படித்துப் பார்த்து, உங்களுக்கு மகள் இருக்கிறாளே, நீங்கள் தனி ஆள் இல்லை என்று மூன்றாவது கட்டத்தை அடித்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். சட்டப்படி நான் தனி ஆள் இல்லை.

வீட்டில் இருக்கும் பச்சையம்மாவின் படம், அதே மாதிரி ஒரு அட்டைக்காக ரயில் நிலையத்து மெஷினில் எடுத்தது. நாலு தடவை வெளிச்சம் அடித்தது. நாலிலும் ஒரே மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். கை இரண்டும் படத்தில் இல்லை. அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறேன். காலையில் பூ வைத்து, சோறு படைத்து, ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி வைத்தேன். உண்ணாமலை அவளோடு படிக்கும் பெண்ணின் வீட்டுக்குப் பிறந்தநாள் விருந்துக்குப் போக வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொரு வயசுப் பெண். இன்றைக்கு அம்மாவின் நாள் என்று சொன்னால் நின்றிருப்பாள். போய்வா என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போனதும் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். எழுதும்போது வலது கைக்கு வேலை இருக்கிறது. இடது கைக்கு இல்லை.

சற்று முன்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உண்ணாமலை விருந்திலிருந்து திரும்பிவிட்டாள். கோட்டைக் கழற்றிக்கொண்டே நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். என் இடது கை கன்னத்தில் இருந்தது. அவள் பார்த்தது எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். அவள் கிட்டே வருவாள் என்று காத்திருந்தேன். ஆனால் எதற்கு வர வேண்டும் என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. ரசம் கவிழ்ந்த அன்றும் சொல்லவில்லை. அவள் அம்மா போன பிறகும் சொல்லவில்லை. அந்தத் தட்டலை அவள் இன்றுவரை ஒரு அடியாகத்தான் வைத்திருக்கிறாள்.

"சவா, பாப்பா?" என்று கேட்டாள். இங்கே அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"சவா," என்றேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு கையை நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏழுமலை
பாரிஸ், 15.11.1987, ஞாயிற்றுக்கிழமை